அட்டையில் பேர் இல்லை

பாளையங்கோட்டையில் தன் மருந்துக் கடையில் நின்ற ஃபெபிக்குக் கோபம் தலைக்கேறியது. எதிரே நின்ற இஸ்ரவேல் நீட்டிய அட்டைத் துண்டில் ஒரே ஒரு மாத்திரைதான் மிச்சமிருந்தது. மருந்தின் பெயர் எந்தப் பக்கமும் இல்லை.

“நேத்து என் வீட்டுக்காரி வாங்கியாந்த மாத்திரைம்மா. போட்டதும் மயங்கி விழுந்துட்டா. ஆஸ்பத்திரியில டாக்டர் பேரு கேக்காவ.”

“நெறத்தப் பாத்துச் சொல்லச் சொல்லுதியளா அண்ணாச்சி? வெள்ளையா, வட்டமா நூறு மாத்திரை இருக்கு. நான் தப்பாச் சொன்னா உசிரு போயிரும்.”

“அதுக்கில்லம்மா...”

“பேரு போட்ட பக்கத்த வெட்டி வச்சிக்கிட்டு இதக் குடுத்தவன் மனுசனா?” கையிலிருந்த கத்தரிக்கோலால் கவுண்டரில் ஓங்கித் தட்டினாள். “அவன் லைசென்ஸப் புடுங்கணும். எந்தக் கடைன்னு சொல்லுங்க, நானே வந்து கேக்கேன்.”

இஸ்ரவேல் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதக் கவரை எடுத்து அவள் முன்னால் வைத்தார். ‘காலை 1, இரவு 1’ என்று எழுதியிருந்தது. ஃபெபியின் கையெழுத்து.

“பேரு போட்ட பாதி இங்கனதான் கெடக்கும்னு டாக்டர் சொன்னாவ” என்றார், குரலை உயர்த்தாமல். “எடுங்க.”