தோன்யா பிரிஹிதா வீட்டுக்கு வழி

"மெக்சிகோவுல வழி தெரியாதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. தெரியாட்டியும் கையை நீட்டிடுவாங்க. மூணு பேரைக் கேளு, ரெண்டு பேர் சொல்ற பக்கம் போ" என்று மாட்ரிட்டில் தோழி சொல்லி அனுப்பியிருந்தாள்.

நூரியா அப்படியே செய்தாள்.

"தோன்யா பிரிஹிதா வீடா? சர்ச் தாண்டி இடது பக்கம்" என்றார் சந்தையில் பழச்சாறு பிழிகிறவர்.

சர்ச் தாண்டினால் சோளக்காடு. அங்கே சைக்கிளோடு நின்ற போலீஸ்காரர் சிரித்தார்.

"அந்த ஆளா சொன்னான்? அவனுக்கு அவன் வீட்டுக்கே வழி தெரியாதேம்மா. கீழே போங்க, ஆத்துப் பக்கம்."

ஆற்றில் துணி அலசிக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை.

"போலீஸ்காரன் பேச்சை நம்பியா இவ்வளவு தூரம் இறங்கி வந்தீங்க? மேட்டுல ஏறுங்க. நீல வாசல்."

மேட்டில் எல்லா வாசலும் நீலம். எல்லாம் பூட்டிக் கிடந்தன.

மூன்று பேர், மூன்று திசை. நூரியாவுக்குத் தலை சுற்றியது.

தோளில் பை கனத்தது. உள்ளே ஒரு மரப்பெட்டியில் ஓதிலோன் இருந்தான், சாம்பலாக. மாட்ரிட்டில் அவள் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தவன், அதிகம் பேசாதவன். போன வாரம் வேலையிடத்தில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். அவனைப் பெற்ற தோன்யா பிரிஹிதாவிடம் அதை போனில் சொல்ல நூரியாவுக்கு மனம் வரவில்லை. நேரில் போய், பெட்டியை அந்தக் கையில் வைத்துத்தான் சொல்வது என்று புறப்பட்டு வந்திருந்தாள்.

திரும்பவும் சந்தைக்கே வந்து சேர்ந்தாள். எங்கிருந்தோ பேண்டு சத்தம் கேட்டது. கூட்டத்தில் ஒருத்தருக்காவது வீடு தெரிந்திருக்கும் என்று அந்தப் பக்கம் நடந்தாள்.

சோள ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த ஃபௌஸ்தா என்ற பெண் எழுந்து வந்து குறுக்கே நின்றாள்.

"அங்கே வேண்டாம்மா. இப்படி வாங்க."

"எப்படி வரணும்? இந்த ஊர்ல ஒருத்தருக்காவது அந்த அம்மா வீடு தெரியுமா, தெரியாதா? தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லித் தொலைச்சா என்ன குறைஞ்சு போகும்?"

 ஃபௌஸ்தா மாவுக் கையை ஏப்ரனில் துடைத்தாள். பையை மெதுவாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஓதிலோன்கூட வேலை பார்த்த எங்க ஊர்ப் பையன் போன் பண்ணிட்டாம்மா, நீங்க கிளம்பினதுமே. எல்லாருக்கும் தெரியும். பிரிஹிதாவுக்கு மட்டும்தான் தெரியாது."

நூரியா பேண்டு சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னைக்கு அவ பொண்ணுக்குக் கல்யாணம். ராத்திரி என் வீட்ல படுத்துக்கோங்க, காலையில நாங்க எல்லாருமே உங்ககூட வர்றோம். இன்னைக்கு ஒரு நாள் அவ ஆடட்டும்."