ஐரோப்பா தெரிந்த பெண்

"பொண்ணு பாட்டெல்லாம் பாட வேண்டாம். ஐரோப்பியப் பொதுச் சந்தையைப் பத்திச் சொன்னாப் போதும்" என்றான் மாப்பிள்ளை பிரின்ஸ்.

பந்தல்குடி மரியராஜ் வீட்டுக் கூடம் கொல்லென்று சிரித்தது. அவர் மகள் இன்பராணி மட்டும் சிரிக்கவில்லை. பொருளாதாரத்தில் முதுகலை முடித்த அவளைக் கண்டு மிரண்டு, முன்பு வந்த வரன்களெல்லாம் கைகழுவிப் போயிருந்தன. படிப்பை ஆசையாய்க் கேட்கும் ஒருவனை அன்றுதான் கண்டாள்.

"உங்க பாலவனத்தத்துச் சரக்குக்கும் எங்க பந்தல்குடிச் சரக்குக்கும் நமக்குள்ள வரி இல்லைன்னு வைங்க. வெளியூரு மிளகா வத்தலுக்கு அவுகவுக இஷ்டத்துக்கு வரி போட்டா, அது சுதந்திர வணிகப் பகுதி. ரெண்டு ஊரும் ஒரே வரி போட்டா சுங்க ஒன்றியம். கூலியாளும் முதலும் தடையில்லாமப் போய் வந்தா, அதுதான் பொதுச் சந்தை."

"அமெரிக்கா எதுக்கு அதைத் தூக்கிவிட்டுச்சு?" பிரின்ஸ் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான்.

"போருல நொறுங்குன ஐரோப்பா ரஷ்யா பக்கம் சாஞ்சிரக் கூடாதுல்ல? ஆனா, ஐரோப்பாக்காரவுக தங்களோட விவசாயத்துக்கு வேலி போட்டதும் அமெரிக்காவுக்கே உறுத்துச்சு."

கேசரி ஆறிப்போயிற்று, கேள்விகள் ஓயவில்லை. "தாலி ஏறுமுன்னயே டியூசனா மாப்பிள்ளை?" என்று சித்தி கேலி செய்தாள்.

மறுநாள் மதுரைக் கல்லூரி ஒன்றில் பொருளாதார விரிவுரையாளர் பணிக்கு இன்பராணிக்கு நேர்காணல் இருந்தது. கிடைத்த பின் சொல்லலாமென்று, வீட்டுக்கு வெளியே அவள் யாரிடமும் மூச்சு விட்டிருக்கவில்லை.

விடைபெறும்போது பிரின்ஸின் தாய் அன்னபாக்கியம் மரியராஜிடம் சொன்னாள்: "நாளைக்கு மத்தியானம் உறுதி பண்ண வாரோம்ணே. மருமகள மதுரை கிதுரைன்னு எங்கயும் அனுப்பிராதீக. எங்க வீட்டுல பொம்பள சம்பாரிச்சுத்தான் சாப்பிடணும்னு இல்ல."

வேலை இன்னொன்று வரும், இப்படி ஒருவன் வரமாட்டான் என்று இன்பராணி மனத்தைத் தேற்றிக்கொண்டாள். காலையில் மதுரை பஸ் வாசலைக் கடந்து போனபோது, அவள் தலைக்குப் பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானமும் கடந்தது. ஆக்கிய கறிச்சோறு ஆற, அழைத்திருந்த சொந்தங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி எழுந்து போயின. போனில் பேச்சு பிடிபடாத அப்பாவுக்காக, சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்தில் ரிசீவரை அவளே பிடித்தாள். பிரின்ஸ்தான் எடுத்தான்.

"வழியில ஏதும் ஆயிருச்சோன்னு பயந்துட்டோங்க."

"ஒண்ணும் ஆகலையே! மதுரையிலருந்து இப்பத்தான் வாரேன். அந்த வேலைக்குக் கூப்பிட்டிருந்தது நம்ம ரெண்டு பேரைத்தான். நீங்க வரலைன்னதும் எனக்கே குடுத்துட்டாக."