ஆளுக்கொரு டிரெய்லர்

பேய்ப்படத்துக்கு ஊருக்கெல்லாம் ஒரே டிரெய்லர் என்ற காலம் போய்விட்டது. இப்போது யாருக்கு எது பயமோ, அதை அவரவர் கைப்பேசி கேட்டதிலிருந்தும் பார்த்ததிலிருந்தும் மெஷினே எடுத்து டிரெய்லராக ஓட்டும். அப்படிப் போனவற்றில் சிலவற்றை, பார்த்தவர் பெயர் தெரியாமல் சரிபார்ப்பது தணிகாசலத்தின் வேலை.

அன்று வந்த ஒன்றில் பேயே இல்லை. ஒரு பெண் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறாள். கீழே பைக் வந்து நிற்கிறது. சட்டென்று டிவியை அணைத்துவிட்டுப் புத்தகத்தை விரிக்கிறாள். படியில் செருப்புச் சத்தம் ஏறி வருகிறது. அவ்வளவுதான்.

“இதுல என்னம்மா பயம் இருக்கு? மெஷின் சொதப்பிடுச்சு” என்றார், பக்கத்து இருக்கை பெனாசிரிடம்.

“இல்ல சார். அம்பத்தூர்ல ஒரு காலேஜ் பொண்ணு. பாக்க முடியாம பாதியிலேயே நிறுத்திட்டா. பயத்துல இந்த வாரம் இதுக்குத்தான் முதல் இடம்.”

அவர் வீடும் அம்பத்தூர்தான்; மகளும் காலேஜ்தான். மறுபடி ஓடவிட்டார். பைக்குக்கு ஸ்டாண்டு போடும்போது கிறீச்சென்றது. எண்ணெய் விடுங்கள் என்று மனைவி மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கும் அதே கிறீச்.

மாலையில் தெருமுனையிலேயே இன்ஜினை அணைத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஸ்டாண்டு போடாமல் மதில் சுவரில் சாய்த்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினார்.

உள்ளே மகள் யாரையோ போலப் பேசிக் காட்ட, அவர் மனைவி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். தன் வீட்டில் இப்படியொரு சிரிப்பு இருப்பது தணிகாசலத்துக்கு அன்றுதான் தெரிந்தது.

அழைப்பு மணி வரை போன விரலை எடுத்துக்கொண்டார்.