எதிர்ப்பக்கத் தையல்

"இது யாரு கை, அன்னம்மா? சொல்லாம இந்த வாசலைத் தாண்ட விடமாட்டேன்!"

சாயிரா பானு வளையல் கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். வளையல்காரி அன்னம்மா பதறவில்லை, சிரித்தாள்.

"பேர் சொல்லக் கூடாதுங்கிறது நீங்க போட்ட கட்டுதானேம்மா?"

உண்மைதான். சிராங்கூன் சாலையிலிருந்து தஞ்சோங் பகார் வரை, கைவேலை தெரிந்த பதினான்கு பெண்கள் பெருநாள்தோறும் தாங்கள் செய்த வாழ்த்து அட்டைகளை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள். அட்டையில் பெயர் இருக்காது. பெயர் தெரிந்தால் வேலையைப் பார்க்காமல் ஆளைப் பார்ப்பார்கள் என்று சொல்லி அந்தக் கட்டைப் போட்டதே சாயிரா பானுதான்.

அட்டைக்குள் சின்னதாக ஒரு பட்டுப் பை இருக்கும். வாழ்த்தைத் துண்டுத் தாளில் அரபுத் தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழை எழுதி, அதில் செருக வேண்டும். வாங்கியவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, தன் தாளைச் செருகி, அடுத்த பெருநாளுக்கு வேறு வீட்டுக்கு அனுப்புவார். நல்ல அட்டை ஏழெட்டு வருஷம் ஊர் சுற்றும். சுமந்து போவது அன்னம்மா. பதினான்கு வீட்டிலும் உள்கட்டு வரை போகிறவள் அவள் ஒருத்திதான்.

இந்த நோன்பில் வந்திருந்தது புத்தம்புது அட்டை. தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளில் வெட்டிய பாய்க்கப்பல். கீழே நீல நூலில் அலைகள்.

"இந்த அலையைப் பாரு. நாம போடுற தையல் எல்லாம் ஒரு பக்கமாச் சாயும். இவ தையல் அதுக்கு எதிர்ப்பக்கம் சாயுது. அதுதான் தண்ணி நெசமாவே கப்பலைப் பார்த்து ஓடி வர்ற மாதிரி இருக்கு. நானும் மூணு நாளா முட்டி மோதிப் பார்த்துட்டேன், வரலை. முப்பது வருஷமா ஊசி பிடிச்ச கை இது!"

அன்னம்மா வாயைப் பிளந்தாள். சாயிரா பானு லேசில் யாரையும் மெச்சுகிறவர் இல்லை. மகன் அப்துல் அலீமுக்கு மூன்று வருஷமாகப் பெண் பார்க்கிறார். ஒருத்தி பல் தெரியச் சிரித்துவிட்டாள். ஒருத்தி சர்பத்தை இடக்கையால் நீட்டினாள். ஒருத்தி நிலைப்படியில் இடிக்கும் உயரம். எல்லாருக்கும் ஒரே பதில், வேண்டாம். மகனுக்கோ இருபத்தெட்டு முடிந்துவிட்டது. "இந்தப் பெருநாளுக்குள்ள முடியலைன்னா நான் ரங்கூன் கடைக்குப் போயிடுறேன் உம்மா" என்று முந்தாநாள்தான் சொல்லியிருந்தான். ரங்கூனுக்குப் போன பிள்ளைகள் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று எண்ணிப் பார்த்து, அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"அன்னம்மா, பேரு வேணாம். கல்யாணம் ஆகாத பொண்ணா? அதை மட்டும் சொல்லிடு."

"ஆகலைம்மா."

"அல்ஹம்துலில்லாஹ்! குணம் எப்படி?"

"வளையல் போடுறப்ப ஒண்ணு உடைஞ்சு கையைக் கிழிச்சுட்டா, மத்தவங்க என்னைத் திட்டுவாங்க. அது, 'உங்களுக்குக் குத்திடுச்சா அக்கா'ன்னு என் விரலைப் பார்க்கும்."

சாயிரா பானுவுக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து தாளை எடுத்து எழுதினார். எழுதியதை அன்னம்மாவுக்குச் சத்தமாகப் படித்தும் காட்டினார்.

"மகளே, நீ யார் என்று எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். இந்தக் கை என் மகனைக் கைப்பிடித்து என் வீட்டுக்கு வர வேண்டும். இது எடுத்துத் தரும் ஒரு வாய்த் தண்ணீர் போதும், என் நெஞ்சு குளிர்ந்துவிடும்."

வழக்கத்தை மீறி, அடியில் தன் பெயரையும் எழுதி, பட்டுப் பையில் செருகி நீட்டினார்.

"வந்த வீட்டுக்கே அட்டை திரும்பிப் போற வழக்கம் இல்லையேம்மா" என்று தயங்கினாள் அன்னம்மா. "நல்லா யோசிச்சுக்குங்க. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"நான் ஏன் மாறப் போறேன்? அந்தக் கையைக் கண்ணுல ஒத்திக்குவேன். ஊருக்கே ராணியா இருந்தாலும் சரி, ஒண்ணுமில்லாத வீடா இருந்தாலும் சரி. நீ கிளம்பு. டிராமுக்கு நான் தர்றேன்."

பெருநாளுக்கு முந்தின நாள் காலையில் அன்னம்மா திரும்பி வந்தாள். கூடையை இறக்கி, அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஓரமாக நின்றுகொண்டாள். கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்துல் அலீமும் உம்மாவின் முகத்தைப் பார்த்து நின்றான்.

சாயிரா பானு பிஸ்மி சொல்லி, பட்டுப் பையிலிருந்து தாளை உருவினார். அதிலிருந்த எழுத்தும் தையலைப் போலவே எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

"மாமி, தண்ணீர் தர எனக்குச் சம்மதம். ஆனால் போன வருஷம் இதே கை சர்பத் நீட்டியபோது குடிக்காமல் எழுந்து போனீர்களே, இப்போதும் இது இடக்கைதான்."