குடைக்கம்பிக் கொக்கிகள்

"கொட்டுய்யா பையை!"

இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டிய தட்டில் பேனா ஸ்டாண்டே ஒரு துள்ளுத் துள்ளியது. மெக்கானிக் பையைக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து விழுந்த சாமான்களைப் பார்த்தால் பெற்ற தாய்கூட இவரைத் திருடன் என்றுதான் சொல்லியிருப்பாள்.

முனை வளைத்த குடைக்கம்பிகள். தட்டித் தட்டித் தகடாக்கிய ஒரு ஸ்பூன். கொக்கி போட்ட சைக்கிள் ஸ்போக்ஸ். நுனியைத் தேய்த்துக் கூராக்கிய கொண்டை ஊசிகள். எல்லாம் கைவேலை.

"கடைத்தெருவுல வரிசையா திருட்டு. பூட்டு உடையலை, ஷட்டர்ல கீறல் இல்லை. இந்த மாதிரி கம்பியை விட்டுத்தான் திறந்திருக்கான்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஐயா, நான் ஜெராக்ஸ் மெஷின் மெக்கானிக்! பேப்பரை உள்ளே இழுக்குற ரப்பர் ரோலர் தேஞ்சுபோனா மாத்தணும். அது விரல் போகாத இடுக்குல, ஒரு சின்ன பிளாஸ்டிக் கிளிப்புல மாட்டியிருக்கும். அதை நெம்பத்தான் இந்தக் கொக்கி. கடையில விக்கிற டூல் யானை விலை. அதான் வீட்டுலயே செஞ்சுக்கிட்டேன்."

"மாட்டிக்கிட்டா எல்லாத் திருடனும் மெக்கானிக்தான்," என்றார் பிடித்துவந்த கான்ஸ்டபிள். "ஒரு ஆபீஸ் வாசல்ல நின்னு மாடியையே பார்த்துட்டிருந்தான் ஐயா."

"லிஃப்ட் ஓடலை. நாலு மாடி ஏறணுமேன்னு பார்த்தேங்க!"

மெக்கானிக்குக்கு அடி விழுமோ என்ற பயம் இருக்கத்தான் செய்தது. அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. எந்த ஆபீஸிலும் இவரை மேனேஜர் அறை வரைக்கும் தனியாக விடுகிறார்கள் என்றால், அது நல்லவர் என்ற பேருக்காகத்தான். போலீஸ் பிடித்துக்கொண்டு போன ஆள் என்று ஒரு வாட்ச்மேன் காதில் விழுந்தால் போதும், அப்புறம் ஊரில் ஒரு கேட்டும் திறக்காது. பிழைப்பில் மண்ணுதான்.

"வீட்டுல செஞ்சியா? வீட்டு நம்பரைச் சொல்லு." இன்ஸ்பெக்டர் போனை ஸ்பீக்கரில் போட்டார். மெக்கானிக்கின் மனைவிதான் எடுத்தார்.

"ஸ்டேஷன்லேர்ந்து பேசறோம்மா. உங்க வீட்டுக்காரர் பையில குடைக்கம்பி, ஸ்பூன், கொண்டை ஊசியெல்லாம் இருக்கு. உங்களுக்குத் தெரியுமா?"

மறுமுனையில் அந்தம்மா பொரிந்து தள்ளினார்.

"அகப்பட்டுடுச்சா? நல்லா விசாரிங்க சார்! அந்த ஸ்பூன் எங்கண்ணன் வாங்கிக் கொடுத்த செட்டு. கொண்டை ஊசி இல்லாம நான் தலைவிரி கோலமா அலையறேன். குடையைக் காணோம்னு எங்கம்மா மழையில நனைஞ்சுக்கிட்டே ஊருக்குப் போனாங்க. கேட்டா, எனக்கென்ன தெரியும்னு மூஞ்சியைப் பச்சைப்புள்ளை மாதிரி வெச்சுக்குவாரு!"

"அடிப்பாவி!" என்று அலறினார் மெக்கானிக்.

இன்ஸ்பெக்டர் போனை வைத்தார். "மாமியார் குடையையே விட்டுவைக்காதவன் ஊரான் சொத்தை விடுவானா? கேஸை எழுதுய்யா."

"ஐயா, ஐயா!" மெக்கானிக் மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இங்கே ஏதாவது ஜெராக்ஸ் மெஷின் இருந்தா காட்டுங்க. இதே கம்பியாலே ரோலரை மாத்திக் காட்டறேன். முடியலைன்னா நானே உள்ளே போய் உக்காந்துக்கறேன்."

இன்ஸ்பெக்டர் தாடையைச் சொறிந்தார். "பின் ரூம்ல ஒண்ணு கிடக்கு. ஆனா அது அரசாங்கச் சொத்து. எசகுபிசகா ஏதாவது ஆச்சு, அதுக்கும் சேர்த்துக் கேஸ் போடுவேன்."

"வேண்டாங்கய்யா, வம்பு," என்று கான்ஸ்டபிள் தடுத்தே பார்த்தார். மெக்கானிக் கேட்டால்தானே!

மெஷினின் பக்கவாட்டு மூடியைத் திறந்ததும் அவருக்குத் தான் பிடிபட்ட ஆள் என்பதே மறந்துபோயிற்று. "அடடா, ரப்பர் வழவழன்னு ஆயிடுச்சே! இது எப்படிப் பேப்பரைப் பிடிக்கும்?" என்று அங்கலாய்த்தார். குடைக்கம்பி இடுக்கில் நுழைந்தது. 'டக்'. பழைய ரோலர் கையில் வந்து விழுந்தது. நாலாம் மாடி ஆபீஸுக்கென்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்த புது ரோலரைப் பிரித்தார்; நல்லவேளை, இதற்கும் அதே அளவுதான். விரல் பிசுக்குப் பட்டால் ரப்பர் வழுக்கும் என்று, காகிதத்தால் சுற்றிப் பிடித்துக்கொண்டே மாட்டினார்.

பொத்தானை அழுத்தினார். காகிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, சண்டை சச்சரவில்லாமல் வெளியே வந்தன.

இன்ஸ்பெக்டர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மெக்கானிக்கின் தோளில் கை வைத்தார். "நீங்க அசல் மெக்கானிக்தான். தப்பா நெனைச்சுட்டோம், மனசுல வெச்சுக்காதீங்க. இங்கே வந்த விஷயம் வெளியே போகாது. அந்த ரோலருக்கு எவ்வளவு ஆச்சு?"

"அட, போங்கய்யா! மானம் மிஞ்சினதே பெரிசு. ரப்பர் என்ன பெரிய ரப்பர்!"

மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு பேருக்கும் மாறி மாறிக் கும்பிடு போட்டார். கான்ஸ்டபிளே பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்து வழியனுப்பினார். எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று நினைத்தபடியே, மாமியாருக்குக் குடை வாங்கக் கடைப்பக்கம் நடந்தார் மெக்கானிக்.

அவர் தலை தெருமுனையில் மறைந்ததும், புதிதாக வந்த காகிதமொன்றை மடித்து விசிறிக்கொண்டே இன்ஸ்பெக்டர் சொன்னார்: "ஜெராக்ஸ் மெஷின் ஆச்சு, நாளைக்கு அதே தெருவுல ஏ.சி. மெக்கானிக் எவனாவது பையோட போனா, சந்தேகத்துல பிடிச்சுட்டு வாய்யா!"