செருப்புக்குப் பக்கத்தில் நின்றவள்

டாக்டர் சத்தியமூர்த்தியின் கிளினிக்கில் எல்லோரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அந்தச் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் விடிந்ததிலிருந்து ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"செருப்பு திருட வந்தவளா இருக்குமோ சார்?" என்றாள் நர்ஸ் மீனம்மாள்.

"செருப்பு திருடுறவ எதுக்கு வெளிய போற ஆளுகளை நிறுத்திப் பேசுறா? பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதுசா ஆஸ்பத்திரி தொறந்திருக்கான்ல, அவன் அனுப்பின ஆளு. நம்ம பேஷண்டுகளைப் பிடிச்சுட்டுப் போக வந்திருக்கா."

டாக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு கண்ணை ஜன்னலில் வைத்துக்கொண்டேதான் பிரஷர் பார்த்தார். இருபது வருஷமாகக் கட்டிக்காத்த பேரும் கூட்டமும் ஒரே நாளில் போய்விடுமோ?

மருந்துச் சீட்டோடு அப்போதுதான் வெளியே போன பெத்தனையும் அவள் மடக்கினாள். பெத்தன் பழைய சர்க்கரை நோயாளி. அவரைப் படியில் உட்கார வைத்துப் பேசியவள், சட்டென்று அவர் காலைத் தூக்கியே பார்த்தாள்!

"என் வாசல்லயே வைத்தியமா? கூப்புடு அவளை!"

வந்தவள் பெயர் மஹாலட்சுமி.

"ஆரு அனுப்புனா? உண்மையைச் சொல்லு, இல்லாட்டி போலீஸைக் கூப்புடுவேன்."

"டாக்டருக சங்கத்துல அனுப்புனாக சார். சர்க்கரை நோயாளிக காலை எப்படிப் பரிசோதிக்கணும்னு போன மாசம் டாக்டருகளுக்கு வகுப்பு நடந்துச்சாமே, அதுல பலன் இருக்கான்னு தெரியணுமாம். டாக்டருககிட்டக் கேட்டா எல்லாரும் 'பிரமாதம்'னுதான் எழுதுவாகளாம். அதனால அவுகளுக்குத் தெரியாம நோயாளிககிட்டக் கேளுங்கன்னு ஒரு பெரிய டாக்டர் யோசனை சொன்னாராம்."

சத்தியமூர்த்தி வாய்விட்டுச் சிரித்தார்.

"அந்தப் பெரிய டாக்டரே நான்தாம்மா! வகுப்பு எடுத்ததும் நான்தான். எனக்கே பரீட்சையா?"

"சங்கத்துல ஒருத்தரையும் விடக்கூடாதுன்னுட்டாக சார்."

"நல்லது, நல்லது. நம்ம ஆளுக என்ன சொல்றாக?"

"ஒருத்தர் விடாம, 'டாக்டர் எங்க காலைப் பாத்தாக'ன்னுதான் சொல்றாக சார்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படியே எழுதிக்கம்மா."

"எழுதிட்டேன் சார். ஆனா பெத்தன் ஐயாவும் 'டாக்டர் பாத்தாக'ன்னுதான் சாதிச்சாரு. சந்தேகத்துல நான் காலைத் தூக்கிப் பாத்தா, உள்ளங்கால்ல கருவமுள்ளு ஒடிஞ்சு சீழ் கோத்துக் கெடக்கு. மரத்துப்போன காலு, அவருக்கே தெரியல."

டாக்டருக்கு முகம் வெளிறிவிட்டது. எழுந்து வாசலுக்கு ஓடி, படியிலேயே குனிந்து அந்தக் காலை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தார்.

பெத்தன் அவர் காதோரம் குனிந்து கிசுகிசுத்தார்.

"பயப்படாதீக டாக்டரய்யா. உங்களுக்கு உலை வைக்க வந்தவன்னு மொத ஆளை அவ நிறுத்திக் கேட்டப்பவே எனக்கு வெளங்கிப்போச்சு. 'ஆரு கேட்டாலும் டாக்டர் காலைப் பாத்தாருன்னே சொல்லுங்க'ன்னு உக்காந்திருந்த அம்புட்டுப் பேருக்கும் சொல்லிக் குடுத்துட்டேன்!"