ரொக்கம் மட்டும்

நகோயா ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தன் நூடுல்ஸ் கடையில் "ரொக்கம் மட்டும்" என்ற பலகையைக் குமஸாகி ஒருவழியாகக் கழற்றினார். ஆறு வருடமாகக் கடையில் ஈ ஓட்டுவதற்கு அந்தப் பலகைதான் காரணம் என்று மனைவி சனாயே கண்டுபிடித்திருந்தாள். சூப்பைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை.

பலகை போய், போனைக் காட்டினால் பணம் எடுத்துக்கொள்ளும் மெஷின் வந்தது.

"நாளைக்குப் பாருங்க, கூட்டம் அள்ளும்!" என்றாள் சனாயே.

அள்ளத்தான் செய்தது. மறுநாள் மதியம் டை கட்டிய பதினான்கு பேர் ஒன்றாக உள்ளே நுழைந்தார்கள். குமஸாகிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"வாங்க, வாங்க! என்ன சாப்பிடறீங்க?"

"ஒண்ணும் வேணாம், மாஸ்டர்," என்றார் முன்னால் நின்ற இஸோகாய் என்பவர். "அந்த மெஷினை மட்டும் எடுத்துடுங்க."

பதினான்கு பேரும் இடுப்பு வரை குனிந்தார்கள்.

"ஏன் சார்?"

"சம்பளம் பூரா வீட்டுக்காரி கையில. செலவுக்குக் கேட்டா போன்லதான் போட்டு விடுவா. எங்க செலவு பண்ணேன்னு உடனே அவளுக்குத் தெரிஞ்சுடும். உங்க கடைக்குன்னா மட்டும்தான் ரொக்கமா தருவா. நேத்து இந்தப் பக்கம் வந்தவ மெஷினைப் பாத்துட்டா!"

குமஸாகி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "உங்கள்ல ஒருத்தரைக்கூட நான் இங்க பார்த்ததே இல்லையே?"

எதிரே இருந்த சூதாட்டக் கடையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு இஸோகாய் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எங்க வீட்டைப் பொறுத்தவரைக்கும், ஆறு வருஷமா நாங்க தினமும் இங்கதான் சாப்பிடறோம்."